லீஸ்ட் ஆக்‌ஷன்: இயற்கை சோம்பேறியா? அடிக்கடி வர்ற கேள்விகள்

மொதல்ல இது என்னன்னு ஒரே மூச்சுல சொல்ல முடியுமா?

ஒரு பொருள் இந்த நேரத்துல இங்க இருந்துச்சு, அந்த நேரத்துல அங்க இருந்துச்சுன்னு ரெண்டு முனையும் தெரியும்னு வைங்க. நடுவுல எப்படிப் போயிருக்கும்னு கற்பனை பண்ணினா கணக்கில்லாத வழி இருக்கு, வளைஞ்சு போகலாம், நின்னு நின்னு போகலாம், எக்குத்தப்பா ஆடிக்கிட்டே போகலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நம்பர் போட முடியும், அந்த நம்பர் பேருதான் ஆக்‌ஷன். நிஜத்துல பொருள் போற வழி எதுன்னு பாத்தா அந்த நம்பர் கம்மியா வர்ற வழிதான். "கம்மி"ங்கற வார்த்தைல ஒரு வில்லங்கம் இருக்கு, அது கீழ வருது.

தமிழ்ல இதை சிறுமச் செயல் தத்துவம்னு எழுதறாங்க. நான் ஆக்‌ஷன்னே வச்சுக்கறேன், "செயல்"னு எழுதினா படிக்கறவங்க பாதி பேர் அதை தினசரி அர்த்தத்துல எடுத்துக்கிட்டு எங்கயோ போயிடறாங்க.

சரி, அந்த நம்பரை எப்படிப் போடறது?

ஒவ்வொரு நொடித்துளிலயும் இயக்க ஆற்றல்ல (வேகத்தால வர்றது) இருந்து நிலை ஆற்றலை (பந்துக்கு உயரத்தால வர்றது) கழிங்க. வர்றதை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கூட்டிக்கிட்டே வாங்க. அந்தக் கழிச்ச விடைக்கு லக்ராஞ்சியன்னு பேரு, கூட்டி முடிச்சா ஆக்‌ஷன். ஏன் கழிக்கணும், கூட்டினா என்னன்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும், அதுக்குத் தனியா ஒரு கேள்வி கீழ இருக்கு, அதுதான் இந்தப் பக்கத்துலயே எனக்குப் பிடிச்ச கேள்வி.

ஃபார்முலா வேணாம், ஒரு உதாரணம் நம்பரோட காட்டுங்க.

ஒரு கிலோ பந்து. நேரா மேல எறியறீங்க, சரியா 2 செகண்ட் கழிச்சு அதே கைக்கு வருது. புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8க்குப் பதிலா 10ன்னே வச்சுக்கலாம், கணக்கு சுலபம். பள்ளிக்கூடக் கணக்குப்படி அது 5 மீட்டர் ஏறி இறங்கணும்.

இப்ப அந்தப் பள்ளிக்கூட விடை நமக்குத் தெரியாதுன்னு நடிப்போம். வேற வேற வழிகளை ட்ரை பண்ணுவோம், ஆனா எல்லாமே 2 செகண்ட்ல கைக்கு வந்தாகணும். பந்து எங்கயும் போகாம கையிலயே கிடந்தா: இயக்க ஆற்றல் சைபர், உயரம் சைபர், ஆக்‌ஷனும் 0. ஒரே வேகத்துல 5 மீட்டர் ஏறி, சடார்னு திரும்பி, அதே வேகத்துல இறங்கினா: −25. அதே மாதிரி 10 மீட்டர் போய்ட்டு வந்தா, உயரத்துல லாபம்தான், ஆனா வேகத்துக்கு ஆன செலவு அதை மொத்தமா தின்னுடுது, திரும்பவும் 0.

அப்ப முனை முறியாம வழவழன்னு வளையற பாதையா, பரவளையமா எடுத்துக்குவோம், உச்சி உயரத்தை மட்டும் மாத்துவோம். உச்சி 4 மீட்டர்னா −32. 6 மீட்டர்னா அதுவும் −32. 8 மீட்டர்னா −21.3. 5 மீட்டர்னா −33.3. இதுதான் இருக்கறதுலயே கம்மி, பந்து நிஜத்துல போறதும் இதுதான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் அந்த −33.3 கூட இல்ல, அதுக்கு அக்கம்பக்கம் என்ன நடக்குதுங்கறதுதான். உச்சில 1 மீட்டர் தப்புப் பண்ணினா ஆக்‌ஷன் 1.33 ஏறுது. 10 சென்டிமீட்டர் தப்புப் பண்ணினா 0.0133தான் ஏறுது. தப்பு பத்துல ஒண்ணா குறைஞ்சா விளைவு நூத்துல ஒண்ணா குறையுது, ஒரு கிண்ணத்தோட அடி மாதிரி அந்த இடம் தட்டையா இருக்கு. இந்தத் தட்டைதான் மொத்த சமாச்சாரத்துக்கும் சாவி, ஞாபகம் வச்சுக்குங்க.

இதை யாரு கண்டுபிடிச்சது?

ஒருத்தர் பேரைச் சொல்ல முடியாது. மொதல் விதை ஒளிலதான். 1662ல ஃபெர்மாங்கற ஃபிரெஞ்சு கணிதக்காரர், ஒளி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கம்மியான நேரத்துல போற வழியை எடுக்குதுன்னு சொன்னார், அதுல இருந்தே ஒளிவிலகல் விதி வந்துடுச்சு. அவர் கணக்குல ஒளி தண்ணில மெதுவாப் போகணும், தத்துவவாதி டெகார்ட்டோட விளக்கத்துல வேகமாப் போகணும். யாரு சரின்னு அளந்து பாக்க 1850 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு, ஃபூக்கோவும் ஃபிசோவும் அளந்தாங்க, மெதுவாத்தான் போகுது, ஃபெர்மா ஜெயிச்சார். தண்ணில செகண்டுக்கு சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர், வெற்றிடத்துல 3 லட்சம்.

அப்புறம் 1740கள்ல மொபெர்துயிங்கற ஃபிரெஞ்சுக்காரர் இதைப் பொருள்களுக்கும் நீட்டினார், இயற்கை சிக்கனமா நடக்குது, அது கடவுளோட ஞானத்துக்கு ஆதாரம்னு ஒரே போடா போட்டார். அதே சமயம் 1744ல கணித மேதை ஆய்லர் சத்தமே இல்லாம உருப்படியான கணிதத்தைப் போட்டு வச்சிருந்தார். 1755ல 19 வயசுப் பையன் ஒருத்தன் ஆய்லருக்கு லெட்டர் எழுதி, உங்க முறையை விட இது சுலபம்னு புது வழி காட்டினான், அவன்தான் லக்ராஞ்ச். பெரியவர் கோவிச்சுக்கல, பையனோட முறையையே எடுத்துக்கிட்டார். 1834, 1835ல ஐரிஷ் கணிதக்காரர் ஹாமில்டன் எழுதினதுதான் இன்னிக்கு நாம பயன்படுத்தற வடிவம்.

இதுக்காக சண்டை எல்லாம் நடந்துச்சாமே?

நடந்துச்சு, நாறிப் போச்சு. 1751ல கோனிக்னு ஒரு கணிதக்காரர், இதை ஜெர்மன் மேதை லைப்னிட்ஸ் முன்னாடியே ஒரு லெட்டர்ல எழுதிட்டாரேன்னு கிளப்பினார். மூல லெட்டரைக் காட்டுன்னா அவர்கிட்ட நகல்தான் இருந்துச்சு. மொபெர்துயி அப்ப பெர்லின் அகாடமிக்குத் தலைவர், அகாடமி 1752ல அந்த லெட்டரே போலின்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. எழுத்தாளர் வால்டேர் சும்மா இருப்பாரா, மொபெர்துயியை வச்சு செஞ்சு ஒரு நையாண்டி எழுதினார், பிரஷ்ய ராஜா ஃபிரெடெரிக் அதை எரிக்கச் சொன்னார். இவ்வளவு கூத்துக்கு நடுவுல இயற்பியல் ஒரு அடி கூட முன்னேறல.

பந்துக்கு எப்படித் தெரியும் எது கம்மியான வழின்னு? முன்கூட்டியே முடிவு தெரியுமா?

இது நியாயமான கேள்வி, புதுசும் இல்ல. 1662லயே க்ளெர்செலியேங்கறவர் ஃபெர்மாகிட்ட கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார், இயற்கை யோசிச்சா நடக்குது, இது நீதிபோதனை மாதிரி இருக்கே தவிர இயற்பியல் மாதிரி இல்லையேன்னு.

பதில் ரெண்டு படில இருக்கு. மொதல் படி: முழுப் பாதையும் கம்மியா இருக்கணும்னா அதோட ஒவ்வொரு குட்டித் துண்டும் கம்மியா இருந்தாகணும், எங்கயாவது ஒரு துண்டை இன்னும் கம்மி பண்ண முடிஞ்சா மொத்தத்தையும் கம்மி பண்ணிடலாமே. அதனால "மொத்தம் கம்மி"ன்னு சொல்றதும் "ஒவ்வொரு இடத்துலயும் இந்த விதிப்படி நட"ன்னு சொல்றதும் ஒண்ணுதான். பந்து விஷயத்துல அந்தக் குட்டி விதியை எழுதிப் பாத்தா நியூட்டனோட ரெண்டாம் விதிதான் வந்து நிக்குது. பந்துக்கு எதிர்காலம் தெரிய வேண்டியதே இல்ல, அந்தந்த இடத்துல என்ன விசைங்கறது போதும்.

இதோட நிறுத்திக்கலாம், நிறையப் பேர் நிறுத்திடறாங்க. ஆனா அப்ப ஆக்‌ஷன்ங்கறது வெறும் கணக்கு வித்தைதானான்னு ஒரு உறுத்தல் இருக்கும். எனக்கு ரொம்ப நாள் இருந்துச்சு. ரெண்டாவது படிக்கு குவாண்டம், அதாவது அணு அளவு உலகத்தோட இயற்பியல் வேணும்.

குவாண்டம் இதுல எங்க வருது?

1933ல இயற்பியலாளர் டிராக் ஒரு சின்னக் கட்டுரைல ஒரு துப்புக் கொடுத்தார். இன்னொரு இயற்பியலாளர் ஃபெயின்மன் அதைப் பிடிச்சுக்கிட்டு 1942ல தன்னோட ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் 1948ல முழுசாவும் எழுதினார். அவர் சொன்னது இதுதான்: துகள் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கறதே இல்ல, எல்லா வழிக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கடிகார முள்ளு இருக்கறதா வைங்க. அந்த வழியோட ஆக்‌ஷன் எவ்ளோவோ அதுக்கு ஏத்த மாதிரி முள்ளு சுத்தும். கடைசில எல்லா முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சு என்ன மிஞ்சுதுன்னு பாக்கணும்.

எவ்ளோ சுத்துங்கறதைத் தீர்மானிக்கறது பிளாங்க் மாறிலி, 6.626 × 10⁻³⁴ ஜூல்-செகண்ட். அதோட அலகைப் பாத்தீங்களா, ஆற்றல் பெருக்கல் நேரம், ஆக்‌ஷனோட அதே அலகு. தற்செயல் இல்ல. ஆக்‌ஷன் பிளாங்க் மாறிலி அளவு ஏறினா முள்ளு ஒரு முழுச் சுத்து.

இப்ப நம்ம பந்துக்குத் திரும்புங்க. உச்சில 10 சென்டிமீட்டர் தள்ளிப் போற வழியோட ஆக்‌ஷன் 0.0133தான் அதிகம், ஆனா முள்ளுக்கு அது 2க்குப் பின்னாடி 31 சைபர் போட்ட அத்தனை சுத்து. அதுக்கு ஒரு மயிரிழை பக்கத்துல இருக்கற வழிக்கு முள்ளு வேற எங்கயோ நிக்கும், அதுக்கடுத்தது இன்னொரு பக்கம், எல்லாம் சேந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சு ஒண்ணுமில்லாம போயிடும். அந்த 5 மீட்டர் வழிக்கு ஒட்டின இடத்துல மட்டும், கிண்ணத்தோட அடி தட்டையா இருக்கறதால, அக்கம்பக்கத்து முள்ளெல்லாம் ஒரே திசையைக் காட்டும், ஒண்ணு சேந்து பலமாகும். நாம பாக்கற பாதை அந்த ஒத்துமைல மிஞ்சினதுதான். யாரும் எதையும் தேர்ந்தெடுக்கல.

ஒத்துமையா இருக்கற பட்டை எவ்ளோ அகலம்னு தோராயமாப் போட்டுப் பாத்தேன். ஒரு கிலோ பந்துக்கு சுமார் 10⁻¹⁷ மீட்டர், ஒரு புரோட்டானோட ஆரத்துல நூத்துல ஒரு பங்கு. அதனாலதான் பந்துக்கு ஒரே ஒரு பாதை இருக்கற மாதிரி தெரியுது. பந்துக்குப் பதிலா எலக்ட்ரானைப் போட்டு, அதே 2 செகண்ட், அதே உயரம்னு வச்சா அந்தப் பட்டை ஒரு சென்டிமீட்டர் கிட்ட வந்து நிக்குது. அதுக்குப் "பாதை"ன்னு ஒண்ணு இருக்கறதாவே சொல்ல முடியாது.

ஏன் கழித்தல்? மொத்த ஆற்றல்னா கூட்டல்தானே வரணும்?

ஆமா, மொத்த ஆற்றல்னா கூட்டல், அது வழி முழுக்க மாறாம இருக்கும். ஆக்‌ஷன் வேற. இந்தக் கழித்தல் குறியை நிறைய இடத்துல "இப்படிப் போட்டா விடை சரியா வருது"ன்னு சொல்லிட்டு நகந்துடுவாங்க, படிக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். ஐன்ஸ்டைனோட சார்பியல் வழியாப் பாத்தா பளிச்சுன்னு புரிஞ்சுடும்.

ரெண்டு உண்மை மட்டும் போதும். உயரத்துல இருக்கற கடிகாரம் கீழ இருக்கறதை விட லேசா வேகமா ஓடும். ஓடற கடிகாரம் நிக்கற கடிகாரத்தை விட லேசா மெதுவா ஓடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்ல இது தினமும் நடக்குது, உயரத்தால நாளைக்கு சுமார் 45 மைக்ரோசெகண்ட் லாபம், வேகத்தால சுமார் 7 நஷ்டம், நிகர லாபம் 38. இதைத் திருத்தாம விட்டா மேப் உபயோகமே இல்லாம போயிடும்.

பந்துல ஒரு குட்டிக் கடிகாரத்தைக் கட்டி விடுங்க. 2 செகண்ட்ல கைக்குத் திரும்பணும், ஆனா அந்தக் கடிகாரம் எவ்ளோ அதிகமா முடியுமோ அவ்ளோ அதிகமா ஓடியிருக்கணும்னு நிபந்தனை. உயரமாப் போனா லாபம், அதனால மேல போகணும். ஆனா ரொம்ப மேல போகணும்னா வேகம் வேணும், வேகம்னா நஷ்டம். ரெண்டையும் சமாளிச்சுப் பாத்தா நடுவுல ஒரு வழி அமையும், அது அதே 5 மீட்டர் பரவளையம். உயரம் ஒரு பக்கம், வேகம் எதிர்ப் பக்கம், அதனால ஒண்ணுக்கு கூட்டல் ஒண்ணுக்கு கழித்தல். கடிகாரத்தோட லாபத்தை எடுத்து நிறை, ஒளிவேக வர்க்கம் ரெண்டாலயும் பெருக்கி மைனஸ் போட்டா ஆக்‌ஷன். நம்ம −33.3க்கு அர்த்தம் என்னன்னா, கையில வச்சிருந்த கடிகாரத்தை விட பந்துக் கடிகாரம் 3.7 × 10⁻¹⁶ செகண்ட் அதிகமா ஓடிடுச்சு.

ஆக்‌ஷன் கம்மின்னா வயசு அதிகம். கீழ விழற எந்தப் பொருளும் தனக்கு எவ்ளோ நேரம் கிடைக்குமோ அவ்ளோ நேரத்தையும் வாங்கிக்கிட்டுத்தான் வருது. சோம்பேறித்தனம், சிக்கனம் எல்லாம் மைனஸ் குறிய எந்தப் பக்கம் போட்டோம்ங்கறதுல இருந்து வந்த பேச்சு. மொபெர்துயிக்கு இது தெரிஞ்சிருந்தா இயற்கை தாராளமானதுன்னு எழுதியிருப்பார், அதுக்கும் கடவுளைக் கூப்பிட்டிருப்பார்.

எப்பவுமே கம்மிதானா?

இல்ல, இதுதான் மேல சொன்ன வில்லங்கம். தட்டையா இருந்தா போதும், அடியா இருக்கணும்னு இல்ல. உலக உருண்டைல ரெண்டு ஊருக்கு நடுவுல பெருவட்டம் (உருண்டையைச் சரிபாதியா வெட்டற வட்டம்) வழியாப் போனா ஒரு பக்கம் சுருக்கு வழி, அதே வட்டத்துல எதிர்ப் பக்கமா உலகத்தைச் சுத்தியும் போகலாம். அந்தச் சுத்து வழி கம்மி கிடையாது, ஆனாலும் அதுவும் "நேர்" வழிதான், எங்கயும் இடது வலது திரும்ப வேண்டாம். ஸ்பிரிங்ல ஆடற எடைக்கும் இப்படித்தான், அரை ஆட்டத்துக்கு மேல போனா ஆக்‌ஷன் மலைக்கணவாய் மாதிரி ஆயிடும், ஒரு திசைல பாத்தா அடி, இன்னொரு திசைல பாத்தா உச்சி. சரியாச் சொல்லணும்னா "மாறாநிலை" ஆக்‌ஷன்னு சொல்லணும். பழைய பேரு ஒட்டிக்கிச்சு.

எல்லா இயற்பியலும் இதுல அடக்கம்னு சொல்றாங்களே, மிகையா?

பாதி. இயக்கவியல், ஒளி, மாக்ஸ்வெல்லோட மின்காந்தச் சமன்பாடுகள், துகள் இயற்பியலோட ஸ்டாண்டர்ட் மாடல், எல்லாத்தையும் ஆக்‌ஷன் வடிவத்துல எழுதலாம். 1915 நவம்பர்ல ஐன்ஸ்டைன் ஈர்ப்புச் சமன்பாடுகளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த அதே நாட்கள்ல கணிதக்காரர் ஹில்பெர்ட் அதை ஆக்‌ஷன்ல இருந்து பிடிச்சார், அந்த ஆக்‌ஷனுக்குள்ள இருக்கறது காலவெளியோட வளைவைச் சொல்ற ஒரே ஒரு எண்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது இலக்கணம், வாக்கியம் இல்ல. எந்த லக்ராஞ்சியனைப் போடணும்னு இந்தத் தத்துவம் சொல்லாது, அதை சோதனை பண்ணித்தான் கண்டுபிடிக்கணும். அதனால "ஒரே தத்துவத்துல பிரபஞ்சமே அடக்கம்"னு யாராவது சொன்னா, எந்த லக்ராஞ்சியன்னு திருப்பிக் கேளுங்க. சரி, அப்ப எதை வேணா போட்டு எதை வேணா எடுக்கலாமான்னா அதுவும் இல்ல. சார்பியலுக்கு ஒத்துப் போகணும், இந்தச் சமச்சீர் இருக்கணும், அந்தச் சமச்சீர் இருக்கணும்னு நிபந்தனை போட்டுக்கிட்டே வந்தா போடக்கூடிய லக்ராஞ்சியன் விரல் விட்டு எண்ணற அளவுக்குச் சுருங்கிடும். இந்த முறையோட நிஜ பலம் அங்கதான் இருக்கு.

சமச்சீர்னா? நோய்த்தர் பேரு அடிக்கடி வருதே.

எம்மி நோய்த்தர்ங்கற கணிதக்காரர், 1918. ஆக்‌ஷன்ல ஒரு தொடர் சமச்சீர் இருந்தா, அதாவது ஏதோ ஒண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தினாலும் அது மாறாம இருந்தா, அதுக்கு ஜோடியா மாறாத ஒரு அளவு இருந்தே தீரும்னு நிரூபிச்சாங்க. இன்னிக்கு செஞ்ச சோதனையை நாளைக்கு செஞ்சாலும் விதி அதேதான்னா ஆற்றல் மாறாது. இங்க செஞ்சாலும் தள்ளி செஞ்சாலும் அதேதான்னா உந்தம் மாறாது. திருப்பி வச்சு செஞ்சாலும் அதேதான்னா கோண உந்தம் மாறாது. அதுவரைக்கும் ஆற்றல் அழிவின்மைங்கறது சோதனைல தெரிஞ்ச உண்மை, இவங்களுக்கு அப்புறம்தான் அது எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுது. அந்தக் காலத்துல கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல பெண்ணுங்கற காரணத்தால அவங்க பேர்ல வகுப்பெடுக்க விடல, ஹில்பெர்ட் பேர்ல அறிவிச்சு இவங்க எடுத்தாங்க. 1919லதான் முறையா அனுமதி கிடைச்சுது.

உராய்வுக்கு வேலை செய்யுமா?

நேரா செய்யாது. உராய்வுல ஆற்றல் கோடானுகோடி மூலக்கூறுகளோட ஆட்டமா கரைஞ்சு போகுது, அத்தனை மூலக்கூறையும் சேத்து எழுதினா ஆக்‌ஷன் சரியா இருக்கும், யாரால எழுத முடியும்? மூலக்கூறுகளைக் கணக்குல விட்டுட்டு பொருளை மட்டும் எழுதினா தத்துவம் கை விரிச்சிடும், ஒட்டுப் போட்டுத்தான் சமாளிக்கணும்.

நியூட்டன் விதியே போதாதா?

ஒரு பந்துக்குப் போதும். ஒரு ஊசல் நுனில இன்னொரு ஊசல் தொங்குதுன்னு வைங்க, நியூட்டன் வழில போனா கம்பிகளோட இழுவிசை எல்லாத்தையும் திசையோட எழுதி அப்புறம் அதையெல்லாம் நீக்கணும், நான் இதை ஒழுங்கா முடிச்சதே இல்ல, எங்கயாவது ஒரு குறி மாறிடும். ஆக்‌ஷன் வழில ரெண்டு கோணம், இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், அரைப் பக்கத்துல முடிஞ்சுடும். இழுவிசை பேரே வராது.

நானே போட்டுப் பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கறது?

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். 2 செகண்டை 20 துண்டாக்குங்க, 21 செல், ஒவ்வொண்ணும் அந்த நேரத்துல பந்தோட உயரம். மொதல் செல்லும் கடைசி செல்லும் 0, அதைத் தொடவே கூடாது. நடுவுல இருக்கற 19 செல்லுக்கும் மனசுல தோணுற எண்ணைப் போடுங்க, எவ்ளோ கோணலா இருந்தாலும் பரவால்ல. இப்ப ஒவ்வொரு செல்லையும் இப்படி மாத்துங்க: முன்னாடி இருக்கறது, பின்னாடி இருக்கறது ரெண்டுக்கும் சராசரி, அதோட 0.05 கூட்டல். அந்த 5 சென்டிமீட்டர் எங்க இருந்து வருதுன்னா, 10ஐ 0.1 செகண்டோட வர்க்கத்தால பெருக்கி அதுல பாதி. ஒரு செல்லை மட்டும் மாத்தி ஆக்‌ஷனை எவ்ளோ குறைக்க முடியுமோ அவ்ளோ குறைக்கற விதி இதுதான்.

இதையே வரிசையா சில நூறு தடவை ஓட விடுங்க. பக்கத்துலயே கிராஃப் போட்டு வச்சுக்கிட்டு ஓட விட்டா இன்னும் நல்லா இருக்கும், மொதல்ல கோணல் எல்லாம் தேஞ்சு போகும், அப்புறம் மெதுவா நடு உப்பும், கடைசில பதினோராவது செல் 5ல வந்து நிக்கும். மொத்த ஆக்‌ஷன் −33.25 காட்டும், 20 துண்டா வெட்டினதால −33.33 ஆகாது, 200 துண்டாக்கினா இன்னும் நெருங்கும், ஆனா அப்ப 0.05க்குப் பதிலா 0.0005 போடணும், தடவையும் ரொம்ப அதிகமா வேணும்.